தன்னியக்கமும் குடும்பத் தொழிலும்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவர், என்னிடம் தமிழ் கற்றவர், சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் என் இல்லத்துக்கு வந்தார். அவர் தந்தையார் சிறு முதலைக் கொண்டு தொடங்கிய தொழிற்சாலையை இப்பொழுது அவரும் அவர் தமையனாரும் நடத்திவருகின்றனர். பழரசங்களைக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து விற்பது அவர்கள் தொழில். போத்தல்களைத் தானே நிரப்பித் தானே மூடும் இயந்திரம் ஒன்றை வாங்க அவர்கள் எண்ணியிருந்தனர். "ஐயா, தொழிலாளருக்கு ஓர் அறிவித்தல் வேண்டும். நல்ல தமிழில் நான்கு வரி எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்.

நான்கு வரிதானே என்று பேனாவை எடுத்தேன். புதிய இயந்திரம் வரப்போகின்றது என்னும் முதல் வரி எளிதாக அமைந்தது. இரண்டாம் வரியின் பொருட்டு, "இதுவரை போத்தல் நிரப்பிய பெண்கள் அறுவரும் இனி என்ன செய்வர்?" என்று வினவினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அதைப்பற்றி அண்ணையும் நானும் இன்னும் பேசவில்லை, ஐயா" என்றார். அன்று அறிவித்தல் எழுதப்படவில்லை. சொல் கிடையாமை அதற்குக் காரணம் அன்று. சொல்லுதற்குரிய பொருள் கிடையாமையே காரணம்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எனினும், அவ்வறிவித்தலை எழுதமுடியாது போன குறை என்னை விடவில்லை. குடும்பமொன்று நடத்தும் தொழிற்சாலையில் தன்னியக்கத்தை எங்ஙனம் திட்டமிட்டுப் புகுத்துவது என்பதைக் கற்க முற்பட்டேன். கற்றவற்றுள் பயன்படத் தக்கவற்றை இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் ஆகியோர் முன் வைக்கின்றேன். தந்தையார் தொடங்கிய அரிசி ஆலையையோ, அச்சகத்தையோ, எண்ணெய் ஆலையையோ நடத்திவருவோர் நம் பழைய மாணவருள் பலராதலின், இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானது அன்று.

முதலில் சொல்லை ஆராய்வோம். தன்னியக்கம் என்பது தானே இயங்குதல் எனப் பொருள்படும். யப்பானியரும் இதே பொருளில் ஒரு சொல்லை வழங்குகின்றனர். அது 'ஜிடோக்கா' என்பதாம். அச்சொல்லை மூன்று எழுத்துக்களால் எழுதுவர். நடு எழுத்து அசைதல், இயங்குதல் என்னும் பொருளுடையது. யப்பானிலே புகழ்பெற்ற ஒரு குடும்பத்தாரின் தொழிற்சாலைகளில் மாத்திரம் அந்நடு எழுத்தின் பக்கத்தே மனிதனைக் குறிக்கும் சிறு குறியொன்றைச் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. அங்ஙனம் சேர்த்தவுடன் அவ்வெழுத்து இயங்குதல் என்னும் பொருளை விட்டு உழைத்தல் என்னும் பொருளைத் தருகின்றது. ஓசை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வெறுமனே அசையும் இயந்திரம் வேறு, மனிதனுடைய அறிவைத் தன்னுள் ஏற்று உழைக்கும் இயந்திரம் வேறு என்பது அவர்கள் கருத்து. அக்குடும்பத்தின் பெயர் ரொயோடா. நம் தெருக்களிலே நாள்தோறும் காணும் ரொயோட்டா மோட்டார் வண்டிகள் அவர்கள் வழியில் வந்தவையே. ஆயினும் அவர்கள் தொழில் மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை. நெசவுத் தறியில் தொடங்கியது.

சகிச்சி ரொயோடா என்பார் 1867 ஆம் ஆண்டு பிறந்தவர். தச்சர் ஒருவரின் மைந்தர். அவ்வூர்ப் பெண்கள் வீடுதோறும் கைத்தறியில் நெய்தனர். தம் தாயாரும் அயலவரும் தறியிலிருந்து வருந்துவதைக் கண்டே அவர் தறியைத் திருத்தும் எண்ணங்கொண்டார் என்பர். 1890 ஆம் ஆண்டில் அவர் செய்து முடித்த முதற் கருவி எஞ்சினால் ஓடுவது அன்று, மரத்தாலான கைத்தறியே. ஊடுநூலைக் கொண்டோடும் நாடாவை இரு கைகளாலும் செலுத்திவந்த நிலையை மாற்றி, ஒரு கையாலேயே செலுத்தும்படி அதனை அமைத்தார். நெய்வோரின் வேலை இலகுவாயிற்று, துணியும் சீர்பெற்றது. அதற்கு 1891 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

இங்கே நாம் கற்கவேண்டிய முதலாவது பாடம் உண்டு. தன்னியக்கத்தைத் திட்டமிடுவோன் இயந்திரப் பட்டியலை முதலில் விரிக்கலாகாது. நடைபெறும் வேலையை முதலில் நோக்கல்வேண்டும். எவ்வேலை உடலை வருத்துகின்றது? எங்கே பொருள் பழுதாகின்றது? எங்கே ஒருவர் மற்றொருவரின் கையை எதிர்பார்த்து வாளா நிற்கின்றார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் பார்த்தால், சிறு திருத்தம் ஒன்றே போதும் என்பது சிலவேளை தெரியவரும். அயற் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் வந்துவிட்டது என்பது நம் தொழிற்சாலைக்கும் அது வேண்டும் என்பதற்கு ஆதாரமாகாது.

1896 ஆம் ஆண்டில் சகிச்சி மரமும் இரும்பும் கலந்த விசைத்தறியை ஆக்கினார். ஊடுநூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ அத்தறி தானே நின்றுவிடும். இத்தகைய நிறுத்து கருவிகள் மேனாட்டுத் தறிகளில் முன்னரே இருந்தவைதாம். ஆயினும் அவர் அதனை ஒரு துணைக் கருவியாக மாத்திரம் கொள்ளாது, தம் தொழில் முழுவதற்கும் அடிப்படையாகக் கொண்டமையே சிறப்பு. நூல் அறுந்த பின்னும் ஓடும் தறி விரைவாக ஓடுந்தோறும் விரைவாகப் பழுதையே பெருக்கும். அதனைத் தடுத்தற்கு ஒரு தறிக்கு ஒருவர் கண்ணிமையாது காவல் நிற்றல் வேண்டும். அப்பொழுது மனிதன் இயந்திரத்தை ஆள்கின்றானா, இயந்திரம் மனிதனை ஆள்கின்றதா? தவறு நேர்ந்தவுடன் தானே நிற்கும் தறிக்குக் காவல் வேண்டியதில்லை. நின்ற தறியை நோக்கி நெசவாளி சென்று, காரணத்தைக் கண்டு, நூலை முடிந்துவிட்டால் போதும். ஓடும் இயந்திரத்தைவிட நிற்க அறிந்த இயந்திரமே அறிவுடையது என்பது இரண்டாவது பாடம்.

நிற்க, அவர் வாழ்வு தடையின்றி ஓடவில்லை. வெளியார் முதலுடன் 1907 இல் தொடங்கப்பெற்ற தறிக் கம்பனியிலிருந்து 1910 இல் அவர் விலக நேர்ந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று மீண்டு, 1911 இல் நகோயா நகரில் தமக்கெனவே ஒரு நெசவாலையை அமைத்தார். ஆங்கே வேறொரு தடை தோன்றியது. கைத்தறி நெசவாளி நூலின் குறையை விரலால் உணர்ந்து இழுவையைத் தளர்த்துவான். தன்னியக்கத் தறிக்கு அவ்விரல் இல்லை. சீரற்ற நூலைக் கொடுத்தால் நூல் இடையிடையே அறும்; தறி இடையிடையே நிற்கும். ஆதலின், நல்ல நூலைத் தாமே நூற்கும்பொருட்டு 1914 இல் நூற்பையும் தொடங்கினார். இயந்திரம் வருமுன் அதற்கு இடும் பொருள் சீர்பெறல் வேண்டும் என்பது மூன்றாவது பாடம்.

இப்பாடத்தைப் படித்தபோது என் மாணவரின் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. அவர்கள் கடைகளிலிருந்து பழைய போத்தல்களைத் திரும்பப் பெற்றுக் கழுவிப் பயன்படுத்துவோர். அவற்றுள் ஒன்றின் வாய் சற்று அகன்றிருக்கும். மற்றொன்று சற்று உயரமாயிருக்கும். நிரப்பும் பெண்ணின் கை அவ்வேறுபாட்டை எண்ணாமலே சரிசெய்துவிடும். இயந்திரமோ எல்லாப் போத்தல்களும் ஒரே அளவின என நம்பி நடப்பது. புதுப் போத்தல் வாங்கும் செலவை அவர்கள் தம் கணக்கில் சேர்த்திருந்தார்களா? சேர்க்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இனி, சகிச்சியின் மூத்த மைந்தர் கீச்சிரோ தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1920 இல் பட்டம் பெற்றவர். தந்தையார் கைப்பழக்கத்தால் அறிந்தவர். மைந்தர் கணக்காலும் வரைபடத்தாலும் அறிந்தவர். குடும்பத் தொழில்களில் இவ்விரு அறிவும் மோதிக்கொள்வதை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். மகன் சொல்வது தந்தைக்கு ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றும். தந்தை சொல்வது மகனுக்குப் பழங்கதையாகத் தோன்றும். ஆனால் ரொயோடா குடும்பத்தில் அவ்விரண்டும் கூடின. 1924 இல் அவர்கள் செய்து முடித்த 'ஜி' வகைத் தன்னியக்கத் தறி, முழு விரைவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊடுநூல் தீரும் நாடாவை நீக்கிப் புது நாடாவை ஏற்றுக்கொள்ளும். பாவுநூலோ ஊடுநூலோ அறுந்தால் தானே நிற்கும். பயிற்சி பெற்ற ஒருவர் முப்பது தறிகளையும் ஒருங்கே மேற்பார்வை செய்தல் கூடுவதாயிற்று.

அத்தறியை அவர்கள் உடனே சந்தைக்கு அனுப்பவில்லை. காரியா என்னும் ஊரில் 1923 இல் அமைத்த சோதனை ஆலையிலே பெருந்தொகையான தறிகளை நிறுவி, உண்மையான நூலால் உண்மையான துணியை நெய்து, குறைகளைக் கண்டு திருத்தினர். அதன் பின்னரே 1926 இல் தறி செய்யும் கம்பனியைத் தொடங்கினர். புது முறையை ஒரு மூலையில் ஒன்றிரண்டாக வைத்துப் பழைய முறையோடு அருகருகே நடத்திப் பார்த்தபின்னரே பரப்புதல் வேண்டும் என்பது நான்காவது பாடம். பெரிய கம்பனி ஒரு பிழையைத் தாங்கும். குடும்பத் தொழிலோ வீட்டையும் காணியையும் ஈடு வைத்து இயந்திரம் வாங்குவது. அதற்குச் சோதனை மேலும் இன்றியமையாதது.

1929 ஆம் ஆண்டில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. நெசவுப் பொறிகளை உலகெங்கும் விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் கம்பனி, இத்தறியைச் செய்து விற்கும் உரிமையை ஓர் இலட்சம் பவுணுக்குப் பெற உடன்பட்டது. குருவே சீடனிடம் பாடங்கேட்டதை ஒக்கும் இது. ஆயினும் பிளாற் கம்பனி இருந்த லங்காஷயர்ப் பகுதியில் தன்னியக்கத் தறிகள் விரைந்து பரவவில்லை. அங்கே நூற்பவர் ஒரு கம்பனி, நெய்பவர் வேறொரு கம்பனி. பழைய தறிகள் தேயாமல் உழைத்தன. முதலிடப் பணம் இல்லை. தறிகளை மாற்றாமலே, நான்கு தறி பார்த்த ஒருவரை ஆறும் எட்டும் பார்க்குமாறு ஆலையாளர் பணித்தனர். எஞ்சியோர் நிலை யாது, கூடுதல் வேலைக்குக் கூலி யாது என்பவற்றில் இணக்கம் ஏற்படாமையால் 1931 இல் ஆலைகள் அடைக்கப்பட்டன; 1932 இல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அவர்களிடம் இயந்திர அறிவு இல்லாமல் இல்லை. முன்கூட்டிப் பேசி முடித்த ஒழுங்கு இல்லை.

அதுகொண்டு யப்பானிய ஆலைகளை இன்ப உலகம் எனக் கருதிவிடலாகாது. அக்காலத்து ஆலைகளில் உழைத்தோர் பெரும்பாலும் கிராமத்து இளம் பெண்கள். ஆலை விடுதிகளில் தங்கி நீண்ட நேரம் உழைத்தவர்கள். பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் சட்டம் 1929 இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. வேலை நேரம் குறையவே, குறைந்த நேரத்தில் கூடிய துணி நெய்யும் தறிகளை ஆலையாளர் நாடினர். அறம் சட்டமாக வந்தபோது தன்னியக்கத்துக்கு அது தடையாகாது தூண்டுகோலாயிற்று என்பது நோக்கத்தக்கது.

ரொயோடா குடும்பமும் ஒரு சோதனையிலிருந்து தப்பவில்லை. 1930 இல் சகிச்சி காலமானார். கீச்சிரோ 1937 இல் மோட்டார்க் கம்பனியை நிறுவினார். போருக்குப் பின் வந்த பணமுடையால் கம்பனி கடனில் மூழ்கியது. ஆட்களை நீக்குவதில்லை என்று உறுதியாயிருந்த கீச்சிரோ, 1950 இல் வேலைநிறுத்தத்தின் நடுவே ஏறத்தாழ 1600 பேர் விலக நேர்ந்தபோது தாமும் தலைமைப் பதவியைத் துறந்தார். இரண்டு ஆண்டுகளுள் மறைந்தார். இதற்குக் காரணம் தன்னியக்கம் அன்று, கடனே. எனினும், தொழிலாளர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்கமுடியாத முதலாளி தாமும் அதன் விலையைச் செலுத்தினார் என்பதை அந்நிறுவனம் மறக்கவில்லை. 1962 இல் நிருவாகமும் தொழிற்சங்கமும் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டு, தம் உறவு ஒருவரை ஒருவர் நம்புதலின் மேல் நிற்கவேண்டும் என்று உறுதிசெய்துகொண்டன.

நெசவாலையில் 1932 இல் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் மோட்டார்க் கம்பனிக்கு மாறிய தாயீச்சி ஓனோ என்னும் பொறியியலாளர், தறியிலிருந்த தத்துவத்தை மோட்டார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். அங்கே வேலை ஒழுங்கில் பிழை கண்ட எத்தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். உடனே தீராத பிழையாயின் வரிசை முழுவதும் நிற்கும். பிழை நேர்ந்த இடத்தை ஒளிகாட்டும் பலகைக்கு அவர்கள் இட்ட பெயர், பழங்காலக் காகித விளக்கின் பெயராகிய 'அந்தோன்' என்பது. நிறுத்தும் உரிமையை இயந்திரத்துக்குக் கொடுத்தவர்கள், அதே உரிமையைக் கடைநிலைத் தொழிலாளிக்கும் கொடுத்தார்கள். இதுவே அவ்வெழுத்தில் சேர்ந்த மனிதக் குறியின் முழுப்பொருள் எனலாம். இன்று கணினியால் இயங்கும் இயந்திரக் கைகள் மலிந்த தொழிற்சாலைகளிலும் இத்தத்துவம் பழையதாகிவிடவில்லை.

இவற்றை நம் நாட்டுக் குடும்பத் தொழிலுக்குப் பொருத்திப் பார்ப்போம். கணக்கிடும்போது இயந்திரத்தின் விலையை மாத்திரம் எழுதலாகாது. கடனுக்கு வட்டி, உதிரிப்பாகம், பழுதுபார்ப்பவர் வரும் நாள்வரை வேலை நிற்கும் நட்டம், பயிற்சிக் காலத்தில் பழுதாகும் பொருள் என்பவற்றையும் எழுதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டில் மின்வெட்டு ஒருநாளில் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டதையும், ரூபாவின் பெறுமதி சரிந்து பிறநாட்டு உதிரிப்பாகங்களின் விலை ஏறியதையும் நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றபோது பழைய முறையில் வேலையைத் தொடரத் தெரிந்தவர் ஒருவரும் தொழிற்சாலையில் இல்லையெனின், அத்திட்டம் அரைத் திட்டமே.

சட்டமும் உண்டு. பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் தொழிலகத்தில், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை நீக்குவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. ஆட்தொகை அதனிற் குறைந்த சிறு தொழிலகங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆயினும் அத்தகைய இடங்களிலே வேறொரு கட்டு உண்டு. அங்கே முதலாளி சிறுவனாயிருந்த காலத்தில் அவரைத் தூக்கி வளர்த்த 'அக்கா' ஒருவர் இன்றும் போத்தல் கழுவிக்கொண்டிருப்பார். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் இரு வீட்டாரும் கூடியிருப்பர். அவ்வுறவு காரணமாகவே சில முதலாளிகள் உண்மையைச் சொல்லக் கூசி, இயந்திரம் வந்திறங்கும் நாள்வரை மறைத்துவிடுகின்றனர். அன்பினால் செய்த மறைப்பு வஞ்சனையாகவே முடிகின்றது. முன்னரே சொல்லுதலும், அவர்களிடமே கேட்டலும் வேண்டும். வேலையின் நுட்பம் இயந்திரம் விற்பவரைவிட அவ்வேலையைச் செய்பவர்க்கே நன்கு தெரியும்.

என் மாணவர் மூன்று திங்கள் கழித்து மீண்டும் வந்தார். இவற்றை நான் கூறியவாறே அவரும் தமையனாரும் ஒரு வாரம் தொழிற்சாலையில் ஒன்றும் பேசாது நின்று பார்த்திருக்கின்றனர். பின்னர் அப்பெண்களை அழைத்து, எவ்வேலை கடினமானது என்று கேட்டிருக்கின்றனர். நிரப்புதல் என்று ஒருவரும் சொல்லவில்லை. கழுவுதல் என்றே அறுவரும் சொன்னார்களாம். நாள் முழுவதும் ஈரத்தில் நின்று, விரல் வெடித்து, உடைந்த போத்தலால் கையை வெட்டிக்கொண்டு செய்யும் வேலை அது. இத்தனை ஆண்டுகளாக அது முதலாளிகளின் கண்ணிற் படவில்லை. விலையுயர்ந்த நிரப்பும் இயந்திரத்தை விடுத்து, சிறிய கழுவும் இயந்திரம் ஒன்றை முதலில் வாங்குவதெனத் தீர்மானித்தனர். கழுவிய போத்தலை ஒளிக்கு எதிரே பிடித்து வெடிப்பும் அழுக்கும் பார்த்து ஒதுக்கும் பொறுப்பும், இயந்திரத்தை நிறுத்தும் உரிமையும் அவர்களுள் மூத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டன. நிரப்பும் இயந்திரம் பின்னர் ஒருநாள் வரக்கூடும். அப்பொழுது அறுவர்க்கும் வேலை இருக்கும் என்று உறுதி கூற அவரால் இயலவில்லை. அதனையும் மறையாது அவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

அன்று அறிவித்தல் எழுதப்பட்டது. நான்கு வரிதான். என்ன இயந்திரம், எப்பொழுது வருகின்றது என்பது முதல் வரி. அது யாருடைய எந்த வருத்தத்தைக் குறைக்க வருகின்றது என்பது இரண்டாம் வரி. இனி எவர் எவ்வேலை செய்வர், கூலி குறையாது என்பது மூன்றாம் வரி. பிழை கண்டால் எவரும் இயந்திரத்தை நிறுத்தலாம், அதற்காக எவரும் கடிந்துரைக்கப்படார் என்பது நான்காம் வரி. திருத்துவதற்கு எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. பொருள் தெளிந்தவிடத்துச் சொல் தானே வந்து நிற்கும் என்று வகுப்பில் நான் பலமுறை கூறியதுண்டு. அதன் உண்மையை அன்று என் மாணவரிடமிருந்து நான் கற்றேன்.

தொழில் நடத்தும் நம் பழைய மாணவர்களுக்கு இவ்விழா நாளில் ஒன்று கூற விரும்புகின்றேன். இயந்திரத்தை வாங்குதற்கு முன் அவ்வறிவித்தலை எழுதிப் பாருங்கள். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் எழுத வாராவிடின் திட்டம் இன்னும் முடியவில்லை என்று அறிந்து, பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நான்கு வரியும் தடையின்றி வருமாயின் துணிந்து வாங்குங்கள். உங்கள் தந்தையார் தொடங்கிய தொழில் உங்கள் மக்கள் காலத்திலும் செழிப்பதாக.